ஒரு செட்டரின் கடைசி செட்டிங்

எங்கள் தொழிற்சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பிரசாந்த் என்னைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. பிரசாந்த் இப்போது எங்கள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் செட்டர். நான் இருபத்தேழு வருஷம் பார்த்த வேலையை அவர் பார்க்கிறார். "அண்ணே, இப்ப வந்துகீற புது பிரஸ்ல ஸ்கிரீன்ல நம்பரைத் தட்டுனா செட்டிங் ஆயிடுது. நீங்கல்லாம் கையால எப்படிப் போட்டீங்கன்னு எழுதுங்க, பசங்க படிக்கட்டும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். பேசச் சொன்னால் ஒரகடம் மேம்பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் ஓர் ஆயுள் கதையைச் சொல்லி முடிப்பவன் நான். எழுத உட்கார்ந்தால்தான் தொல்லை. இரண்டு வரிக்குள் எழுந்து போய் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்க்கிறேன். கிரைண்டரின் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறேன். என் மனைவி கஸ்தூரி சொல்வார்: "உங்க கை தூக்கத்துலயும் ஸ்க்ரூ முறுக்குது. ரிட்டயர் ஆனது நீங்கதான், அது ஆவல."

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதில் பாதிக்கு மேல் ஒரு பேஸ் கிடாரைப் பற்றித்தான் வரும். பிரஸ் ஷாப் கட்டுரையில் கிடார் எதற்கு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் கடைசியாகப் போட்ட செட்டிங் அதற்குத்தான்.

என் படிப்புக்கு ஒரு பத்தி போதும். பிறந்தது வல்லம் வடகால் பக்கம். பத்தாவது ஃபெயில். ஐ.டி.ஐ. வாசலை மிதித்ததில்லை. படப்பையில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருளைப் பெருக்கினேன். கம்பெனி வந்ததும் ஹெல்ப்பராகச் சேர்ந்து, செட்டர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில், விட்டுப்போன வேலையை உற்று உற்றுப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் நானும் செட்டர். அதுவரை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

பிரஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் தகடு. மேல் அச்சு இறங்கினால் தகடு வளைந்து, பாகங்களைத் தாங்கும் பிராக்கெட் ஆகிவிடும். அது எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்று திருத்தி வைப்பதுதான் செட்டிங். கூடுதலாக இறங்கினால் அச்சு உடையும். குறைவாக இறங்கினால் தகட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும்.

எங்கள் ஃபோர்மேன் கஜேந்திரன் சார் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் வந்து போவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பேசுவதற்கு முன் பிரஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பார், ஜுரம் அடிக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. வீட்டிலிருந்து வரும்போது தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் கொண்டுவருவார். அதை நாலு துண்டாக்கிக் கீழ் அச்சின் நாலு மூலையில் வைத்து, மேல் அச்சை நூல் நூலாக இறக்கச் சொல்வார். மெயின் சுவிட்சை அணைத்த பிறகு ஒவ்வொரு துண்டின் நுனியையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். நாலும் ஒரே மாதிரி முரண்டு பிடிக்க வேண்டும். ஒன்று சும்மா வந்துவிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். காலண்டர் தாள்தான் வேண்டுமா சார் என்று ஒருமுறை கேட்டேன். "நேத்து நாளு எதுக்கு வீணாப் போவணும்?" என்றார்.

அவருடைய இன்னொரு வழக்கம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. உயரத்தைத் திருத்தும்போது ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பவே கூடாது. "கால் சுத்து. போதும். கையைப் பின்னால கட்டு" என்பார். பிறகு பத்து பீஸ் ஓடி வெளியே வரும் வரை நாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"சார், இன்னும் கொஞ்சம் திருப்பணும்னு இப்பவே தெரியுதே சார்."

"உனக்குத் தெரியும்பா. உன் கைக்குத் தெரியாது. அது பின்னாலயே நிக்கட்டும்."

ஷாப்பில் செட்டர்களுக்கென்று ஒரு ஒழுங்கும் இருந்தது. மெஷினுக்குப் போனால் ஆபரேட்டரின் ஸ்டூல், லைட், எண்ணெய்க் குவளை என்று எதை நகர்த்தினாலும், வேலை முடிந்ததும் இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். ஆபரேட்டர் பார்க்காமலே கை நீட்டினால் பொருள் கையில் படும். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. "ஏகாம்பரம் வந்துட்டுப் போனதே தெரியாது" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

ரிட்டயர் ஆகி ஏழாவது மாதம், ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா போன் செய்தார். ஸ்டெல்லா மண்ணூர்க்காரர். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் மூன்றாவது லைனில் பிரஸ் ஆபரேட்டர். இப்போது அதே கம்பெனியில் பீஸ்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கும் மேஜையில் இருக்கிறார்.

"அண்ணே, நாளைக்கு வூட்ல கீறீங்களா? ஒரு செட்டிங் போடணும்."

"எந்த மெஷின்மா?"

"மெஷின் இல்லண்ணே. கிடாரு."

குன்றத்தூரில் மலைக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. மறுநாள் சர்ச் முடிந்து பதினொன்றரை மணிக்கு ஸ்கூட்டியில் வந்தார், தன்னைவிட உயரமான ஒரு கறுப்புப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு. உள்ளே பளபளவென்று ஒரு புது பேஸ் கிடார். நாலே கம்பி. ஒவ்வொன்றும் சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி. கஸ்தூரி டீ கொடுத்துவிட்டு, "இவ்ளோ பெரிய கிடாருக்கு நாலு கம்பிதான் குடுத்தானா?" என்று கேட்டார்.

"அதுக்குதான்க்கா வாங்குனேன்" என்றார் ஸ்டெல்லா.

அவருக்கு இடது கையில் மோதிர விரல் பாதிதான் உண்டு. மூன்றாவது லைன் பிரஸ்ஸில் போனது. அதற்கு முன்பு சர்ச் பாடகர் குழுவில் சாதாரண கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரே நேரத்தில் நாலு விரலால் ஆறு கம்பியை அழுத்த வேண்டும். விரல் போன பிறகு கிடாரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பத்து வருஷமாகப் பாட மட்டும் செய்தார். பேஸில் ஒரு நேரத்துக்கு ஒரு கம்பியை ஓர் இடத்தில் அழுத்தினால் போதும். குழுவில் பேஸ் வாசித்தவர் வேலை மாறி ஓசூர் போய்விட, ஸ்டெல்லா போய் நின்று "நான் வாசிக்கிறேன்" என்றிருக்கிறார். குழுத் தலைவர் இவர் கையைப் பார்த்துவிட்டு, "அறுப்பின் பண்டிகை அன்னைக்குப் பாக்கலாம். வரலைன்னா தாம்பரத்துலேர்ந்து ஒரு ஆளைக் கூப்ட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். விளைச்சலைச் சர்ச்சுக்குப் படைக்கும் அந்தப் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது.

"கடையில செட்டிங் போட்டுத் தரலையாம்மா?"

"போட்டாங்க. அது அஞ்சு வெரலு இருக்கிறவங்களுக்குப் போட்டது. மோதிர வெரலு செய்ற வேலையை நான் சுண்டு வெரலால செய்யணும். கம்பி மேல தூக்கிகினு கீது, அமுக்கினா சுண்டு வெரலு நடுங்குது. இன்னும் எறக்குங்கன்னா, இதுக்கு மேல எறக்குனா கரகரன்னும், வராதுன்றாங்க. செட்டிங்னா எனக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே."

அந்த விரல் போன அன்று அந்த மெஷினுக்கு செட்டிங் போட்டவன் நான். அது ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதைப் பத்து வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. "செட்டிங்னா நீங்கதான்" என்று அவர் சிரித்தபோது, டீயைப் பாதியில் வைத்தேன். எழுந்து போய் டூல் பாக்ஸை எடுத்துவந்தேன். என் கைக்கு எப்போதும் ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

சாப்பாட்டு மேஜையில் போர்வையை விரித்துக் கிடாரைப் படுக்க வைத்தோம். நீண்ட மரக் கழுத்து. அதன் குறுக்கே ஏணிப்படி மாதிரி இரும்புப் பட்டைகள், ஃப்ரெட் என்று பெயர். கம்பியை ஒரு ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்தினால் ஒரு சுரம். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி கூடினால் அழுத்தக் கஷ்டம். குறைந்தால் கம்பி ஆடும்போது ஃப்ரெட்டில் தட்டிக் கரகரக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரஸ்ஸேதான். ஒரு நூல் கூடினால் ஒரு தொல்லை, குறைந்தால் இன்னொரு தொல்லை.

கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் தலையில் அலன் கீ என்கிற ஆறுமூலைச் சாவியைப் போட்டு முறுக்கினால் கழுத்து நிமிரும், தளர்த்தினால் கம்பிகளின் இழுப்புக்கு முன்பக்கம் வளையும். முதல் ஃப்ரெட்டில் கம்பியைத் துணி சுற்றிய கிளாம்ப்பால் பிடித்தேன். கடைசி ஃப்ரெட்டில் ஸ்டெல்லா அழுத்திக்கொண்டார். நடுவில் ஃபீலர் கேஜை விட்டேன். ஃபீலர் கேஜ் என்றால், விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்பு இலைகள், ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் எழுதியிருக்கும். அரை மில்லிமீட்டர் இலை உள்ளே போய் வந்தது. கழுத்து அரை மில்லி வளைந்திருந்தது.

"அடப்பாவிங்களா" என்றேன். "புதுசுலயே கோணலா கீது."

"கடைக்காரரு சொன்னாருண்ணே, கொஞ்சம் வளைவு இருக்கணுமாம். கம்பி ஆடுறதுக்கு எடம் வேணுமாம்."

"அவங்களுக்கு நிமுத்தத் தெரியலைம்மா, அதான் அப்டிச் சொல்றாங்க" என்றேன்.

இருபத்தேழு வருஷம் வளைவை எடுப்பதே பிழைப்பாக இருந்தவனிடம் வளைவு வேண்டும் என்று சொன்னால் காதில் ஏறுமா? முறுக்கினேன். கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. கையைக் கட்டவில்லை, காத்திருக்கவில்லை. கம்பிகளின் சுதி ஏறிப்போனது, ஸ்டெல்லா போனில் சுதி காட்டும் டியூனரைப் பார்த்து மறுபடி இறக்கினார். இன்னும் ஒரு கால். மரத்துக்குள் 'கிர்' என்று ஒரு சத்தம். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நான் காதில் வாங்காத மாதிரி இலையை விட்டுப் பார்த்தேன். ஆக மெல்லிய இலைகூட நுழையவில்லை. தண்ணீர் மட்டம் மாதிரி நேர்கோடு. கிடாரின் அடிப்பக்கத்துப் பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் குட்டித் தாங்கிகளை இறக்கிவிட்டு, "இப்ப அமுக்கும்மா" என்றேன்.

சுண்டு விரலால் அழுத்தினார். விரல் நடுங்கவில்லை. முகம் மலர்ந்தது. "அண்ணே, பஞ்சு மாதிரி கீது" என்றபடி வலது கையால் கம்பியைச் சுண்டினார். கரகரவென்று தகர டப்பாவில் ஆணி உருள்கிற சத்தம். அடுத்த ஃப்ரெட். அதே. எல்லா இடத்திலும் அதே.

"அண்ணே," என்றார் மெதுவாக, "இது பாடல. பல்லைக் கடிக்குது."

தாங்கிகளை ஏற்றினேன். கரகரப்பு குறைந்தது, விரல் நடுங்கியது. இறக்கினேன். விரல் சரியானது, பல்லைக் கடித்தது. மதியச் சாப்பாடு ஆறிப்போய், வெயில் சன்னலைத் தாண்டிச் சுவரில் ஏறும் வரை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். கடைசியில் ஸ்டெல்லாவே என் கையிலிருந்து அலன் கீயை வாங்கி மேஜையில் வைத்தார். "விடுங்கண்ணே. இங்கயே இருக்கட்டும், அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். அன்னைக்கும் ஆவலைன்னா தாம்பரத்து ஆளு வரட்டும், நான் பாடிட்டுப் போறேன்."

அவர் போன பிறகு திங்கள் முழுக்க அந்த வீட்டில் நான் உட்காரவில்லை. கிடாரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கஸ்தூரி, "அது ஓடியா போவப் போவுது?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை, சன்னல் வெளிச்சத்தில் கழுத்தின் ஓரமாகக் கண்ணை வைத்துக்கொண்டு தடித்த கம்பியைச் சும்மா சுண்டினேன். அப்போதுதான் பார்த்தேன். பிள்ளைகள் கயிறு சுற்றிக் குதிக்கும்போது, பிடித்திருக்கும் இரண்டு முனையிலும் கயிறு ஆடாமல் நடுவில்தான் பெரிதாக வீசும் அல்லவா, கம்பியும் அப்படித்தான் வீசியது. வீசுகிற இடத்தில் இடம் கொடுக்காமல், நேர்கோடு போட்டு நெருக்கி வைத்திருந்தது நான்தான். இரும்பு ஆடக்கூடாது என்றே வாழ்ந்துவிட்டேன். இது ஆடினால்தான் வேலை.

அலன் கீயைப் போட்டேன். தளர்த்தும் பக்கம், கால் சுற்று. கையைப் பின்னால் கட்டினேன்.

பிரஸ்ஸில் பத்து பீஸ் ஓட இரண்டு நிமிஷம் ஆகும். மரம் அப்படி இல்லை. இன்று திருப்பினால் நாளைதான் முழுதாக நகரும். ஆக, கால் சுற்று திருப்பிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அதுதான் பயம். கை சும்மா இருந்தால் எனக்கு மூன்றாவது லைன் ஞாபகம் வந்துவிடும்.

அதைச் சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸை ஓட்ட இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்காது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வேகத்துக்காக, இடது பட்டன் மேல் ஒரு வட்ட பிளாஸ்டிக் துண்டை வைத்து, அழுந்தியே இருக்கும்படி டேப் ஒட்டிவிடுவார்கள். ஷாப்பில் அதற்குப் பெயர் பொட்டு. பொட்டு வைத்துவிட்டால் வலது கையால் மட்டும் தட்டி ஓட்டலாம், இடது கையால் தகடு போட்டுக்கொண்டே இருக்கலாம். எல்லா லைனிலும் இருந்தது. எல்லாருக்கும் தெரியும். கஜேந்திரன் சார் கண்ணில் பட்டால் மட்டும் பிய்த்து எறிவார்.

அன்று இரண்டாவது ஷிஃப்ட். சார் காலை ஷிஃப்ட்டோடு போய்விட்டார். மூன்றாவது லைனில் பிசிறு வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா நகர்ந்து நின்றார். லோடு ஏற்ற லாரி நிற்கிறது, சீக்கிரம் என்று லைன் சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். இடது பட்டனில் பொட்டு இருந்தது. அதோடு செட்டிங் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும், பிரித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக ஸ்டெல்லா போனார். காலண்டர் தாள் வைத்தேன், கால் சுற்று திருப்பினேன். பத்து பீஸை நானே இரண்டு பட்டனையும் அழுத்தி ஓட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிசிறு இல்லை. எல்லாம் முறைப்படி. பிறகு ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தேன். லைட்டைத் திருப்பினேன். எண்ணெய்க் குவளையை வைத்தேன். பொட்டை எடுத்து, இருந்த இடத்தில் இருந்தபடியே ஒட்டினேன்.

யாரும் ஒட்டச் சொல்லவில்லை. வேகத்துக்காகவும் ஒட்டவில்லை. நகர்த்தியதை எல்லாம் இருந்தபடி வைப்பது என் கைக்குப் பழக்கம். நான் வந்துவிட்டுப் போனதே தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் லைனில் சத்தம் கேட்டது.

விசாரணையில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "அச்சு உயரம் சரியா இருந்துதா?" "இருந்துது சார்." எழுதிக்கொண்டார்கள். பொட்டு யார் வைத்தது என்று என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் கஜேந்திரன் சார் மூன்றாவது லைனுக்கு வந்து, நின்றிருந்த பிரஸ்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பத்து பீஸ் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"கையைக் கட்டிகினு பாத்தியா?"

"கட்டிகினுதான் சார்."

"அதுக்கு அப்புறம்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பிரஸ்ஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷமே ரிட்டயர் ஆனார். அவர் இறந்தபோது காஞ்சிபுரம் போய் மாலை போட்டேன்.

செவ்வாய் கால் சுற்று, புதன் கால் சுற்று. வெள்ளிக்கிழமை நடுவில் கால் மில்லி இலை உரசிக்கொண்டு போய் வந்தது, அதற்கு அடுத்த இலை போகவில்லை. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி முதல் ஃப்ரெட்டை எவ்வளவு உயரத்தில் தாண்டுகிறது என்று பார்க்க, முந்தின நாள் காலண்டர் தாளைத்தான் விட்டேன். லேசான முரண்டோடு வந்தது. அதற்கு மேல் நான் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வந்தார். தடித்த கம்பியை டியூன் செய்து, சுண்டு விரலை வைத்துச் சுண்டினார். வயிற்றுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம், சுத்தமாக. மேஜையில் இருந்த டம்ளர் அதிர்ந்தது. ஸ்டெல்லா மேலும் கீழுமாக அதே கம்பியில் போய்வந்துகொண்டே இருந்தார்.

"இன்னாண்ணே பண்ணீங்க?"

"கடைக்காரர் சொன்னதைத்தான்" என்றேன்.

கடைசி வேலையாக, ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அங்கே அழுத்தாமல் லேசாகத் தொட்டுச் சுண்டினால் ஒரு மணியோசை, அழுத்திச் சுண்டினால் ஒரு சுரம். இரண்டும் டியூனரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் பிரிட்ஜில் தாங்கியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஸ்டெல்லா சுண்டினார், நான் ஸ்க்ரூவைத் திருப்பினேன். முதல் கம்பி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது கம்பி ஓர் இடத்தில் லேசாகக் கரகரத்தது. அதை அரைக்கால் சுற்று ஏற்ற வேண்டும்.

"இந்தப் பாதி வெரலும் சும்மா இல்லண்ணே," என்றார் ஸ்டெல்லா. "வாசிக்காத கம்பி தானா அதிரும், அதை இது தொட்டு நிறுத்திகிது. பாருங்க. உங்க கை பட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

அலன் கீயை மேஜையில் வைத்தேன். கையைப் பின்னால் கட்டினேன். சொன்னேன். ஸ்டூல், லைட், எண்ணெய்க் குவளை, பொட்டு. வரிசையாகச் சொன்னேன்.

டியூனரில் முள் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் கஸ்தூரி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"நீங்க பிரிச்சதை நான் பாத்தேன்" என்றார் கடைசியாக. "தண்ணி குடிச்சிட்டு வந்தா ஒட்டிகினு கீது. நீங்க போனப்புறம் சூப்பர்வைசருதான் ஒட்டிட்டுப் போயிகிறாருன்னு நெனச்சேன். பத்து வருஷமா அந்த ஆளு எதிர வந்தா வேற பக்கம் போறேண்ணே. போன மாசம் பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை நீட்டுனாரு. வாங்காம வந்துட்டேன்."

கட்டிய கையை நான் பிரிக்கவில்லை.

"ஏண்ணே அப்பவே சொல்லல?"

"பயம்மா."

"இப்ப பயம் இல்லையா?"

"இப்பவும்தான்."

கிடாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "மூணாவது கம்பி இன்னும் முடியலைம்மா" என்றேன். "போதும்" என்றார். கஸ்தூரி வாசல் வரை போனார். ஸ்கூட்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அன்று கஸ்தூரி சாப்பாடு மட்டும் போட்டார். அவருக்கும் அது அன்றுதான் தெரியும்.

அந்த வாரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வீட்டில் திருகுவதற்கு ஒரு ஸ்க்ரூ பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் திருகினேன். நாலு முறை எழுதிக் கிழித்ததும் அந்த வாரம்தான்.

சனிக்கிழமை சாயந்தரம் போன் வந்தது.

"அண்ணே, அந்த ஆளு வூட்டுக்குப் போயி பத்திரிகை வாங்கிகினு வந்தேன். எதுக்கு இவ்ளோ நாளு கோவம்னு கேட்டாரு. நான் சொல்லல. நீங்க சொல்லுங்க."

"சொல்றேன்மா."

"இன்னொண்ணு. ஷாப் வாட்ஸ்அப் குரூப்புல பிரசாந்த் போட்டதைப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். புது பிரஸ்ஸில் பட்டனுக்குப் பதிலாக ஒளித்திரை இருக்கிறது, கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். அடிக்கடி நின்று தொல்லை செய்கிறது, அது வேலை செய்யாதபடி ஒயரில் ஜம்பர் அடித்துவிட்டு ஓட்டுகிறோம் என்று எழுதி, பக்கத்தில் நாலு சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. எல்லாரும் போட்டிருந்தார்கள், நானும் போட்டுவிட்டேன்.

"மலருக்கு எழுதப் போறீங்களாமே. காலண்டர் தாளு கதை எழுதுங்க, வாணான்னு சொல்லல. இதையும் எழுதுங்க. உங்க பேரு போட்டு. என் பேரையும் போடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல." போனை வைக்கும் முன் சொன்னார்: "நாளைக்கு ஒம்போது மணிக்கு ஆராதனை. வர்றதுன்னா வாங்க."

எழுதிவிட்டேன். மூன்றாவது லைன் இடது பட்டனில் அன்று பொட்டைத் திருப்பி ஒட்டியவன் நான், செட்டர் ஏகாம்பரம். சூப்பர்வைசர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பிரசாந்த், கட்டைவிரலை எடுத்துவிட்டேன். ஜம்பரை நீங்கள் எடுங்கள்.

ஞாயிறு மண்ணூர் போனேன். சர்ச் வாசலில் வாழைத்தார், பூசணி, கரும்புக் கட்டு. வயல் உள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள், பாதி சந்தையில் வாங்கியது. யாரோ தன் கம்பெனியில் கட்டிய கார் ஒயர் சுருள் ஒன்றைப் பூசணிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன். பாடகர் குழுவின் ஓரத்தில் ஸ்டெல்லா, தோளில் பேஸ். தாம்பரத்து ஆள் யாரும் தெரியவில்லை.

பாட்டு தொடங்கியது. முதலில் எனக்கு அது காதில் கேட்கவில்லை, கால் வழியாகத் தெரிந்தது. ஸ்டெல்லா விரலைப் பார்க்காமல் பாஸ்டரைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். சுண்டு விரல் போய்ப் போய் உட்கார்ந்தது. இரண்டாவது பாட்டில் மூன்றாவது கம்பிக்குப் போனபோது அந்தக் கரகரப்பு வந்தது. மெல்லிசாக. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஸ்டெல்லாவுக்குக் கேட்டிருக்கும். ஒருமுறை தலையைத் திருப்பி, கடைசி வரிசைப் பக்கம் பார்த்தார். அரைக்கால் சுற்று. என் சட்டைப் பையில் அந்த அலன் கீ இருந்தது. விரல் அதன் மேல் போய்விட்டது.

விரலை எடுத்துவிட்டேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பாட்டு முடியும் வரை நின்றேன்.